பார்வதி அம்மாவின் படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’

ஹட்டனில் பயணக் காப்புறுதி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: எந்தத் திட்டத்தை யாருக்குக் கொடுப்பது? அதற்குப் பதில் உங்கள் கணினியில் இருக்கிறது. வயது, நாடு, நாட்கள் மூன்றையும் போட்டால் நான்கு திட்டங்களைக் காட்டும். அதை என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். பதினெட்டு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்ற நான் சொல்லக்கூடியது, கணினி காட்டாத ஒன்றைப் பற்றி மட்டுமே. நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

காப்புறுதிக்கு வருவதற்கு முன் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒன்பது வருடம் நிருபராக இருந்தேன். அங்கே கற்ற ஒரு பழக்கத்தைக் கடைசி வரை விடவில்லை. எதிரே இருப்பவர் சொல்வதை, அவர் சொன்ன சொற்களிலேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். முதலாளி இதைப் பார்த்துச் சிரிப்பார். “மிஸ் இன்சூரன்ஸ் போடுறாங்களா, பேட்டி எடுக்கிறாங்களா?” என்பார்.

பார்வதி அம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். தலவாக்கலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். அறுபத்தொரு வயது. உறை பிரிக்காத புதுக் கடவுச்சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். கணவர் மாரிமுத்து அண்ணன் கூட வந்திருந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய ஒரே மகள் தர்ஷினி டுபாயில் ஒரு ஹோட்டலில் வேலை. மருமகன் சுரேஷுக்கும் அங்கேதான் வேலை. தர்ஷினிக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. முதல் பிரசவம். கூட இருக்க அங்கே வேறு யாரும் இல்லை. பார்வதி அம்மா இரண்டு மாத வீசாவில் போகிறார்.

“வீசாவுக்கு இன்சூரன்ஸ் ஒண்ணு வேணுமாம் மிஸ். எது கம்மியோ அதைப் போடச் சொன்னாரு மருமகன்.”

“கம்மியானது இருக்கு அம்மா. ஆனா அங்க போய் சொகமில்லாமப் போனா அது எவ்வளவு தாங்கும்னு பார்க்கணும்ல?”

“எனக்கு ஏன் மிஸ் சொகமில்லாமப் போவுது? பிள்ளை பெறப் போறது அவ.”

“இவ போடுற சத்தத்துல அங்க உள்ள டாக்டருக்குத்தான் சொகமில்லாமப் போவும்,” என்றார் மாரிமுத்து அண்ணன்.

நான் அன்று என் வேலையை நன்றாகச் செய்ததாகவே நினைத்தேன். மலிவான திட்டத்தில் நோயாளி முதலில் கைக்காசைக் கட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு பற்றுச்சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். அடுத்த திட்டத்தில் காப்புறுதிக் கொம்பனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பொறுப்பேற்கும். இந்த வேறுபாட்டை விளக்கினேன். டுபாய் போன்ற ஊரில் இதுதான் முக்கியம் என்றேன். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு இரண்டாவதை எடுத்தார்கள். அவசரத் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தைப் படமெடுத்து மகளுக்கும் அனுப்பச் சொன்னேன்.

மிஞ்சியது கடைசிப் பக்கம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடல்நலம் பற்றி இருபத்திரண்டு வரிகள், எல்லாம் ஆங்கிலத்தில். இருதயம், இரத்த அழுத்தம், சீனி, சிறுநீரகம், கடந்த ஐந்து வருடங்களில் பெற்ற சிகிச்சை, இப்போது எடுக்கும் மருந்து. வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். இவர்கள் இருவருக்கும் பஸ் பிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வரிகளையும் நான் ஒரே கேள்வியாக்கினேன்.

“அம்மா, உங்களுக்கு நோய் ஏதும் இருக்கா?”

“நோயா? முப்பத்தெட்டு வருசம் மலைக்குப் போயிருக்கேன் மிஸ். பிள்ளைப்பேறு லீவைத் தவிர ஒரு நாள் பேர் விட்டதில்ல. இப்பவும் ஆள் பத்தலைன்னா என்னைத்தான் கூப்பிடுறாங்க.”

நான் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நின்று, கணக்கில் பெயர் விழுந்தால், அன்றைக்கு அந்த ஆள் நல்ல சுகம். பெரட்டுக்கு வர முடியாமல் லயத்து வரிசை வீட்டில் படுத்துக் கிடந்தால்தான் நோய். காலைத் தேநீருக்குப் பிறகு விழுங்கும் மாத்திரை நோயில் சேராது; பேர் விடாமல் இருப்பதற்காகத்தானே அதை விழுங்குவது. கொழும்புக்காரர் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நான் கந்தப்பளையில் லயத்தில் பிறந்தவள். என் அப்பா பத்து வருடம் சீனிக்கு மருந்து எடுத்துக்கொண்டே, தனக்கு நோயே வந்ததில்லை என்று சொல்லித் திரிந்தவர். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. பத்திரிகையில் இருந்தபோது அமைச்சர் ஒருவரிடம் ‘அணை உடையுமா?’ என்று கேட்டு, அவர் ‘முப்பது வருடமாக நிற்கிறது’ என்று சொல்லியிருந்தால், அதை ‘உடையாது’ என்று எழுதியிருக்க மாட்டேன். கேட்டதற்கு அது பதில் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் எழுதினேன்.

அவர் டுபாய்க்குக் கிளம்பிப் பத்தொன்பது நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு சுரேஷ் டுபாயிலிருந்து அழைத்தார்.

பார்வதி அம்மா காலையில் சமையலறையில் விழுந்துவிட்டார். வலது கை தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது. இரத்த அழுத்தம் மிக அதிகம். அவசர எண்ணுக்கு அழைத்ததும் கொம்பனி ஒரு ஆஸ்பத்திரியைச் சொல்லி அனுமதித்திருந்தது. அதுவரை எல்லாம் சரியாக நடந்திருந்தது. ஆனால் மேற்கொண்டு செலவுக்குப் பொறுப்பேற்க முந்தைய நோய் விவரம் வேண்டும் என்கிறார்கள். டாக்டர் வேறு ஒன்று கேட்கிறார்: ஏதாவது மருந்து எடுக்கிறாரா? குறிப்பாக, இரத்தம் உறையாமல் இருக்க எதையாவது எடுக்கிறாரா? அதைப் பொறுத்துத்தான் அடுத்த மருந்து.

“ஒண்ணும் எடுக்கலைன்னுதான் சொன்னோம் மிஸ். தர்ஷினி ஆறு வருசமா இங்க. அவளுக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்ல. உங்க படிவத்திலயும் இல்லைன்னுதானே இருக்கு?”

ஐந்து நிமிடத்தில் அழைப்பதாகச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு அழைத்தேன். மாரிமுத்து அண்ணன் எடுத்தார். மனைவி விழுந்துவிட்டதை முதலில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், டாக்டர்கள் பார்க்கிறார்கள் என்றேன். பிறகு கேட்டேன்.

“அண்ணே, அம்மா கிளினிக்குக்குப் போவாங்களா?”

“ஆமா மிஸ். மாசா மாசம். பிரஷருக்கு. எட்டு வருசம் இருக்கும்.”

“மாத்திரை?”

“மூணு வகை. காலையில ரெண்டு, ராவைக்கு ஒண்ணு.”

“அதை டுபாய்க்குக் கொண்டு போனாங்களா?”

தகரப் பெட்டியொன்றின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“இல்ல மிஸ். இங்கதான் இருக்கு. தகரப் பெட்டியில வச்சிட்டுப் போனா. நான் சொன்னேன், கொண்டு போன்னு. ‘மிஸ் எனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்காங்க. கடதாசியில இல்லாததைப் பையில கொண்டு போனா ஏர்போட்ல பிடிச்சா பொய்க்காரின்னு ஆயிரும். மிஸ்ஸுக்கும் கெட்ட பேரு’ன்னா. ரெண்டு மாசம்தானே, தாங்கிக்கிறேன்னா.”

அவர் எதையும் மறைக்கவில்லை. நான் தவறாக எழுதிய ஒரு சொல்லை உண்மையாக்குவதற்காகத் தன் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படியான நேரத்தில் உங்களுக்குப் பல வேலைகள் ஒரே நேரத்தில் தெரியும். படிவம், கொம்பனி, முதலாளி, உங்கள் பெயர். அவற்றில் ஒன்றுதான் முதலில் செய்ய வேண்டியது. டாக்டருக்குத் தெரிய வேண்டியது டாக்டருக்குப் போக வேண்டும்.

“அண்ணே, கிளினிக் கொப்பி இருக்கா? அதையும் மாத்திரையையும் எடுத்துக்கிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்குப் போங்க. அங்க பிள்ளைகளைப் பார்க்கிற டீச்சர்கிட்ட நல்ல ஃபோன் இருக்குல்ல? எல்லாத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. கொப்பியில கடைசி மூணு பக்கம். மாத்திரை உறையில எழுதியிருக்கிறதும் தெரியணும்.”

“இந்தா கிளம்பிட்டேன் மிஸ்,” என்றார். தொலைபேசியை வைக்க மறந்துவிட்டு நடந்திருக்க வேண்டும். கதவு சாத்துவதும் நாய் குரைப்பதும் கேட்டன.

சுரேஷை அழைத்தேன். எட்டு வருடமாகப் பிரஷருக்கு மருந்து எடுக்கிறார், பத்தொன்பது நாளாக எடுக்கவில்லை, மருந்துகளின் பெயர் கால் மணி நேரத்தில் வரும், இதை இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன்.

“மிஸ், அப்ப இன்சூரன்ஸ்?”

“அதைப் பிறகு பேசுவோம்.”

“பிறகு இல்ல மிஸ். இல்லைன்னு எழுதிட்டு இப்ப இருக்குன்னு சொன்னா கைய விரிச்சிருவாங்க. இந்த ஆஸ்பத்திரிக் காசுக்கு நாங்க ரெண்டு பேரும் எத்தனை வருசம் வேலை செய்யணும்னு தெரியுமா? நான் டாக்டர்கிட்ட மட்டும் தனியாச் சொல்றேன். கடதாசியில போட வேணாம்னு கேட்டுக்கிறேன்.”

“டாக்டர் எழுதாம மருந்து குடுக்க மாட்டாரு சுரேஷ். நாங்க மறைச்சாலும் அவரோட அறிக்கை கொம்பனிக்குப் போகும். அப்ப நிஜமாவே மறைச்சதா ஆயிரும்.”

“நீங்க அங்க இருந்து சொல்லிருவீங்க...”

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் அவர்தான். ஆனால் அதற்குள் தொலைபேசி கை மாறியது. தர்ஷினியின் குரல் நிதானமாக இருந்தது.

“அவரை விடுங்க மிஸ். என் நம்பருக்கு அனுப்புங்க. நான் போய்ச் சொல்றேன்.”

பதினொன்றே காலுக்குப் படங்கள் வந்தன. ஐந்து படம். ஒன்றில் பாதி டீச்சரின் விரல். மற்ற நான்கும் தெளிவாக இருந்தன. மூன்று மருந்துகளில் ஒன்று டாக்டர் குறிப்பாகக் கேட்ட வகைதான். தர்ஷினிக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில், “டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்கார்” என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் கொம்பனி. கொழும்பில் உரிமைக்கோரல்களைப் பார்க்கும் பிரிவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருந்தது.

“மிஸ், நோய் இல்லைன்னு சொன்னது அந்தம்மா. கையெழுத்து வச்சது அந்தம்மா. நீங்க எதுக்கு நடுவில போய் நிக்கிறீங்க?”

குறிப்புப் புத்தகத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். என் கேள்வி ஒரு வரி. பார்வதி அம்மாவின் பதில் மூன்று வரி. அதற்குக் கீழே என் கையெழுத்தில், ‘இல்லை’.

“இதில எங்க சேர் அவங்க இல்லைன்னு சொன்னாங்க?”

அவர் இரண்டு தரம் வாசித்தார். அவரும் தோட்டத்துக் குடும்பம்தான். வாசித்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது.

“இதை அனுப்பினா நம்மளப் பிடிப்பாங்க.”

“அனுப்பாட்டி அந்தம்மாவப் பிடிப்பாங்க.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். 

“அப்ப முழுசா அனுப்புங்க மிஸ். உங்க கேள்வி, அவங்க பதில், மாத்திரையை ஏன் விட்டுட்டுப் போனாங்க, எல்லாம். பாதி அனுப்பினாத்தான் சந்தேகம் வரும். கீழ நானும் கையெழுத்து வைக்கிறேன்.”

பத்திரிகையில் எனக்கு ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். இப்படியொரு திருத்தம் ஒருவரும் சொன்னதில்லை. என் முதல் பிரதியில், ‘வாடிக்கையாளர் தவறுதலாக மாத்திரையை விட்டுச் சென்றுள்ளார்’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ‘நான் எழுதிய பதிலுக்கு மாறாக நடக்கக் கூடாது என்பதற்காக விட்டுச் சென்றுள்ளார்’ என்று எழுதினேன். கடிதம் ஒரு பக்கம். குறிப்புப் புத்தகப் பக்கத்தின் பிரதியும், கிளினிக் கொப்பியின் படங்களும் கூடவே போயின.

முக்கால் மணி நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு அம்மையார் அழைத்தார். சிங்களத்தில் பேசினோம். நான் எழுதியதன் பொருள் எனக்குத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். இப்படியான நேரங்களில் வாடிக்கையாளர் மறைத்துவிட்டார் என்றுதான் முகவர்கள் எழுதுவார்கள், முகவரே தான் கேட்கவில்லை என்று எழுதிய கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அதற்காக எதையும் வாக்களிக்க முடியாது என்றும் சொன்னார். ‘பேர் விடுவது’ என்றால் என்ன என்று விளக்கச் சொன்னார். விளக்கினேன். எழுதிக்கொள்கிறார் என்பது இடைவெளிகளில் தெரிந்தது.

பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

“அன்றைக்கு நீங்கள் சரியாகக் கேட்டு, அவரும் பிரஷர் இருக்கிறது என்று சொல்லியிருந்தால், எந்தத் திட்டம் கொடுத்திருப்பீர்கள்?”

“இதே திட்டம்தான். முன்பே உள்ள நோய் திடீரென்று மோசமானால் அவசர சிகிச்சை கிடைக்கும்படியான மேலதிகப் பிரிவையும் சேர்த்திருப்பேன். அவருக்கு அப்போது அது கிடைத்திருக்கும்.”

“அதை எழுதி அனுப்புங்கள்,” என்றார்.

அன்று பிற்பகல் எந்த வேலையும் ஓடவில்லை. மாரிமுத்து அண்ணன் மூன்று தரம் அழைத்தார். மூன்று தரமும் சொல்வதற்கு என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது தரம் அவர், “சும்மாதான் எடுத்தேன் மிஸ். வீட்டுல பேச ஆளில்ல,” என்றார். அவரிடம் படிவத்தில் நடந்த பிழை என்னுடையது என்று சொன்னேன். “மாத்திரை இருக்குன்னு நானும்தானே பக்கத்துல உக்காந்துகிட்டுச் சொல்லல,” என்றார். “பிரஷரை நோய்னு நினைக்கல மிஸ். எங்க லயத்துல பாதிப் பேருக்கு இருக்கு.”

செவ்வாய்க்கிழமை பார்வதி அம்மாவுக்குப் பேச்சு தெளிந்தது. கண் திறந்து, என்ன கிழமை என்று மகளிடம் கேட்டாராம். செவ்வாய் என்றதும், “அப்ப எனக்கு ரெண்டு பேர் போச்சு” என்றாராம். தர்ஷினி அழைத்து இதைச் சொன்னபோது சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அழுதார். பக்கத்தில் சுரேஷின் குரல் கேட்டது: “மிஸ்கிட்ட சொல்லு, நான் கோவத்துல பேசலைன்னு.”

கொம்பனியின் முடிவு வியாழக்கிழமை வந்தது. தகவல் மறைக்கப்படவில்லை, கேட்கப்படவில்லை என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆகவே மேலதிகப் பிரிவு முதலிலேயே சேர்க்கப்பட்டதாகக் கொண்டு, உயிராபத்து நீங்கும் வரையான சிகிச்சைக்குப் பொறுப்பேற்றார்கள். அதற்குப் பிறகு கையை மீட்பதற்கான பயிற்சிச் சிகிச்சை எங்கள் திட்டத்தில் எவருக்குமே கிடையாது. அதைக் குடும்பம் தவணையில் கட்டியது. எங்கள் கிளைக்கு எச்சரிக்கைக் கடிதம். மூன்று மாதம் எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்திட முடியாது. அந்த மூன்று மாதமும் அதே மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னேன். ஒரு வாடிக்கையாளரும் அதனால் திரும்பிப் போகவில்லை. சிலர் உடனே தங்கள் பையைத் திறந்து மாத்திரை அட்டையைக் காட்டினார்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் கொம்பனி எப்போதும் கொடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்காத சம்பவங்களையும் பார்த்திருக்கிறேன். கடிதத்தை அனுப்பும்போது எனக்கும் நம்பிக்கை பாதிதான். ஆனால் டாக்டரிடம் ஒன்று, கொம்பனியிடம் ஒன்று, வீட்டாரிடம் ஒன்று என்று சொல்லத் தொடங்கியிருந்தால், எதை யாரிடம் சொன்னோம் என்று நினைவில் வைத்திருப்பதிலேயே அந்த நாள் போயிருக்கும். படுக்கையில் கிடந்தவருக்கு அந்த நாள் தேவைப்பட்டது.

அதன் பிறகு நான் எவரிடமும் ‘நோய் இருக்கா?’ என்று கேட்டதில்லை. ‘கிளினிக் எந்தக் கிழமை?’ என்று கேட்பேன். போகிறவர் யோசிக்காமல் கிழமையைச் சொல்லிவிடுவார். போகாதவர், ‘என்ன கிளினிக்?’ என்பார். காலையில் தேநீருக்குப் பிறகு என்ன போடுகிறீர்கள் என்று கேட்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்பேன். இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள் பத்து நாள்தானே என்பார்கள், அவர்களிடமும் கேட்பேன். இருபத்திரண்டு வரிகளையும் தமிழில் ஒவ்வொன்றாக வாசிப்பேன். மாத்திரையை டாக்டரின் கடிதத்தோடு கைப்பையில் கொண்டு போகச் சொல்வேன். விமான நிலையத்தில் எவரும் அதற்காகப் பிடிக்க மாட்டார்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்வேன். ஆளுக்கு இருபது நிமிடம் அதிகமாகும். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பார்வதி அம்மாவுக்கு வலது கை முழுதாகத் திரும்பவில்லை. குழந்தை பிறந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். குளிப்பாட்டும்போது இடது கையால் தண்ணீர் ஊற்றுவார், பிடித்துக்கொள்வது சுரேஷ். மாமியாரிடம் சுரேஷுக்கு ஏச்சு விழாத நாள் இல்லை என்று தர்ஷினி சொன்னார். ஆஸ்பத்திரி கொடுத்த பயண அனுமதிக் கடிதத்தோடு, பார்வதி அம்மா கொஞ்சம் தாமதமாக ஊர் திரும்பினார்.

இரண்டு வருடம் கழித்து அவரும் மாரிமுத்து அண்ணனும் மறுபடி வந்தார்கள். பேரனைப் பார்க்கப் போக வேண்டும். மகள் மூன்று மாதத்துக்கு வரச் சொல்கிறாள். டாக்டர் போகலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எல்லா வரிகளையும் வாசித்து முடித்த பிறகு, நான் சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தரம் பக்கவாதம் வந்துவிட்டதால் அந்த மேலதிகப் பிரிவை எந்தக் கொம்பனியும் இப்போது அவருக்குத் தராது. கிடைக்கிற ஒரே திட்டத்தில் பிரஷரும் அதனால் வருகிற எல்லாமும் விலக்கு; அவற்றுக்குக் கொம்பனி பொறுப்பேற்காது.

“அப்ப இதை எதுக்கு மிஸ் போடணும்?” என்றார் மாரிமுத்து அண்ணன்.

பார்வதி அம்மா அவரைக் கையால் அமர்த்தினார். “நீங்க கொஞ்சம் இருங்க. மிஸ், குளியலறையில வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சா?”

“பார்ப்பாங்க.”

“காய்ச்சல், வயித்துப்போக்கு?”

“பார்ப்பாங்க.”

“பிரஷர் ஏறினா?”

“பார்க்க மாட்டாங்க அம்மா. முழுக்க உங்க பொறுப்பு. இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க கையெழுத்து வைக்கணும்.”

அவர் நாட்காட்டியைக் கேட்டார். சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து இடது கை விரலால் வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்.

“அடுத்த கிளினிக் இந்தச் செவ்வாய். பிரஷர் பார்த்து, ஒரு மாச மாத்திரை தருவாங்க. புதனே கிளம்புறேன். மறு கிளினிக் இங்க. அதுக்கு ரெண்டு நாள் முந்தி வந்திடணும்.” எண்ணினார். “இருபத்தாறு நாளு. போதும்.”

“பிள்ளை மூணு மாசம் சொல்லுது பார்வதி,” என்றார் மாரிமுத்து அண்ணன்.

“பிள்ளை சொல்லும். என் பிரஷருக்கு அவங்க இல்லைன்னு மிஸ் சொல்றாங்கல்ல? அப்ப அதை நான்தான் பார்க்கணும். இங்க ஒரு டாக்டர் என்னைப் பார்த்துட்டாரு, மறுபடி பார்க்கப் போறாரு. அதுக்கு இடையில எத்தனை நாளோ அத்தனை நாளுதான் நான் வெளியில இருக்கலாம். காலு கையெல்லாம் அவங்க பார்த்துக்கட்டும். போடுங்க மிஸ்.”

விலக்குகளை வைத்துப் பயண நாட்களைத் தீர்மானிப்பது பற்றி எங்கள் பயிற்சிக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. இருபத்தாறு நாளுக்குப் போட்டேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை காலை கிளினிக் வரிசையில் இருந்தார். டுபாயிலிருந்து கொண்டு வந்த பேரீச்சம்பழத்தை அங்கேயே பிரித்து எல்லாருக்கும் இரண்டிரண்டு கொடுத்தாராம். சீனிக்கு மருந்து எடுக்கிறவர்களிடம் மட்டும் முதலில் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, பாதி கொடுத்தாராம்.